தரைக்கு அடியில் சூயி

ஜனவரி 30, திங்கள்

புது வீடு, புது நோயாளி. ஏஜென்சி தந்த தாளில் 'கோனி கலிண்டோ, வயது எழுபத்தேழு, டிசம்பரில் பக்கவாதம், வலது கை கால் பலவீனம், பேச்சு பாதிப்பு' என்று இருந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நான். அதற்குப் பிறகு மகள். சான் அன்டோனியோவில் இத்தனை வருஷம் இருந்தும் இந்தத் தெருவுக்கு நான் வந்ததில்லை. பழைய மர வீடு. கட்டைக்கால்கள் மேல் நிற்கிறது, தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு நாய் நுழையும் அளவு இடைவெளி.

மகள் பெயர் டெனிஸ். ஐம்பதைத் தொட்டிருப்பாள். மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். என் அட்டையில் 'பிலோமினா மிராண்டா' என்று பார்த்ததும் "நீங்க மெக்சிகோல எந்த ஊர்?" என்றாள். தூத்துக்குடி என்றேன். போர்ச்சுக்கீசியர் எங்கள் கடற்கரைக்கு வந்து ஞானஸ்நானமும் பெயரும் கொடுத்துவிட்டுப் போன கதையை இந்தப் பதினாலு வருஷத்தில் நூறாவது முறையாகச் சொன்னேன். ஸ்பானிஷ் எப்படித் தெரியும் என்று கேட்டாள். முதியோர் இல்லத்தில் பத்து வருஷம் சமையல்காரப் பெண்களோடு சேர்ந்து சாப்பிட்டால் யாருக்கும் வரும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பேச்சு பாதிப்பாம்! அந்தம்மா மணிக்கணக்காகப் பேசுகிறது. எல்லாம் ஸ்பானிஷ். பக்கவாதம் ஆங்கிலத்தை மட்டும் துடைத்துக்கொண்டு போய்விட்டது, முதலில் கற்ற பாஷை அடியில் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். சிக்கல் என்னவென்றால், மகளுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது.

"எங்கம்மா எனக்குச் சொல்லிக் கொடுக்கல. வீட்ல பேசினதே இல்ல" என்றாள் டெனிஸ். "கடையில என் பேர் அட்டையைப் பார்த்துட்டு எல்லாரும் ஸ்பானிஷ்ல பேசுவாங்க. தெரியாதுன்னு சொன்னா, வயசானவங்க என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாங்க. அம்மாகிட்ட கேட்டா, உனக்கு அது வேணாம்னு முடிச்சிடுவாங்க. ஐம்பது வருஷமா என்கிட்ட ஆபீஸ்ல பேசற மாதிரிதான் பேசினாங்க. இப்பத்தான் நிஜமா பேசறாங்க, எனக்குப் புரியல. அவங்க சொல்ற ஒவ்வொண்ணையும் எனக்குச் சொல்லுங்க, பிலோ. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

சரி என்றேன். சொல்வதற்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 1, புதன்

'கோனி' என்று கூப்பிட்டால் திரும்பவில்லை. "கோனி யாரு?" என்கிறது. பெயர் கொன்சுவேலோவாம். அப்படிக் கூப்பிட்டதும் வாயைத் திறந்து கஞ்சி வாங்கிக்கொண்டது. நம் அரிசிக் கஞ்சிதான், கொஞ்சம் உப்புப் போட்டு. முழுக் கிண்ணம்.

அந்தம்மா பேசும் ஸ்பானிஷ் எனக்கு எங்கள் ஊர்த் தமிழாகத்தான் காதில் விழுகிறது. இந்த நோட்டில் அப்படியே எழுதிவிடுகிறேன். என்னை யார் கேட்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 6, திங்கள்

துணி மடித்துவிட்டு வந்தால் கட்டிலில் ஆளைக் காணோம். ஜன்னல் பக்கம் தரையில் குப்புறக் கிடந்தது. விழுந்துவிட்டதோ என்று ஓடினேன். விழவில்லை. பலகையில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"சத்தம் போடாதட்டி. கேக்குதா? தட்டுதான்."

"யாரு தட்டுறது?"

"சூயி. நாந்தான் பொதச்சேன். உசுரோட பொதச்சிட்டேன். இத்தன வருசமாத் தட்டிக்கிட்டே கெடக்கான். வெளிய எடுட்டி அவன."

தூக்கி உட்கார வைத்தேன். இடது உள்ளங்கையைப் பலகையிலிருந்து எடுக்கவே இல்லை. நிஜமாகவே ஒரு சத்தம் வந்தது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக்.

ஆறு மணிக்கு டெனிஸ் வந்து கைப்பையைக்கூட வைக்காமல், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். தோட்டத்தைப் பற்றி, ஏதோ செடி நட்டதைப் பற்றி என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா தோட்டம் போட்டாங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

முழுப் பொய் இல்லை. மண், குழி எல்லாம் அதிலும் உண்டு.

பிப்ரவரி 9, வியாழன்

அந்தச் சத்தத்தை மூன்று தடவை காது வைத்துக் கேட்டேன். தண்ணீர்க் குழாய்தான்.

பிப்ரவரி 11, சனி

விடுமுறை. மீன் குழம்பு வைத்தேன். மகன் ஜெரோன் பீட்சா வாங்கிக்கொண்டான். பதினாறு வயது, கதவு நிலை இடிக்கும் உயரம். நான் எழுதுவதைப் பார்த்து என்ன என்று இங்கிலீஷில் கேட்டான். கணக்கு என்றேன். வாய் தவறி நான் தமிழில் கேட்டாலும் அவன் இங்கிலீஷில்தான் பதில் சொல்வான், அதுதான் வழக்கம். இப்போது நான் கேட்பதும் குறைந்துவிட்டது.

அவன் பாலர் வகுப்பில் இருந்தபோது டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பையன் குழம்புகிறான், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றாள். நல்லதற்குத்தானே சொன்னாள். அன்று சாயங்காலமே அவனிடம் தமிழை நிறுத்தினேன். ஒரு வாரம் அழுதான், பிறகு சரியாகிவிட்டது. பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மண்டைக்குள் ஓடுவது வேறு. சூயி என்பது ஹெசூஸ் என்ற பெயருக்குச் செல்லம், பையன்களைக் கூப்பிடுவது. பதினேழு பதினெட்டு வயதில் அந்தம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை பெற்று... தூத்துக்குடியில் பிரசவ வார்டில் வேலை பார்த்தபோது அப்படி ஒன்றை நானே பார்த்தேன். போலீஸ் வந்தது. அந்தப் பெண்ணின் கண்ணும் இப்படித்தான் தரையிலேயே இருந்தது. இதை ஒரு மகளிடம் நான் எந்த வாயால் சொல்ல?

பிப்ரவரி 14, செவ்வாய்

டெனிஸ் மாங்காய்க் கீற்று வாங்கிவந்தாள், மேலே மிளகாய்ப் பொடியும் உப்பும். எங்கள் பள்ளிக்கூட வாசலில் விற்பது இதேதான் என்றேன். "எங்க ஊர்ச் சாப்பாடு எல்லாம் எனக்குத் தெரியும், பிலோ. சாப்பிடற வரைக்கும் நான் மெக்சிகன்தான். வாயைத் திறந்து பேசினா மட்டும் இல்ல" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் கஷ்டம்.

மத்தியானம் அந்தம்மா கஞ்சிக் கரண்டியால் தரைப் பலகையைச் சுரண்டியிருக்கிறது. இடது கையால்தான். ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போய்விட்டது. மேலே விரிப்பை இழுத்துவிட்டேன்.

சாயங்காலம் டெனிஸ், அம்மாவின் தோட்டத்தில் என்ன பூ என்று கேட்டாள். ரோஜா என்றேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

சத்தம் தாங்காமல் டெனிஸ் பிளம்பரை வரவழைத்தாள். வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய், ஆடிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான். அரை மணி வேலை. வீடு கப்சிப் ஆனது. எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டு மணிக்கு அந்தம்மா பலகையில் காதை வைத்தது. வெகு நேரம் வைத்திருந்தது. பிறகு எழுந்த ஓலத்தை நான் எழுத முடியாது. "மூச்சு நின்னுட்டு. இம்புட்டு நாளு இருந்தான், இப்பச் செத்துட்டான். தாமசிச்சிட்டீங்களே!" தலையைத் தரையில் மோதப் பார்த்தது. நெற்றிக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன், புறங்கை வீங்கியிருக்கிறது. மாத்திரை வேலை செய்யவில்லை, ஜெபம் வேலை செய்யவில்லை.

கடைசியில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய், அது பார்க்காத இடத்தில் குனிந்து, விரல் முட்டியால் தரையில் தட்டினேன். டொக், டொக். இடைவெளி விட்டு இன்னொன்று.

அழுகை நின்றது. "இருக்கான்" என்றது. அப்படி ஒரு முகத்தை நான் எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

மாட்டிக்கொண்டேன். விடுமுறை நாளாம், டெனிஸ் வீட்டில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நான் இன்றும் தரையில் தட்டிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வந்து, அம்மாவின் வாய் அருகே போனை நீட்டினாள். பேசுவதை அதுவே மொழிபெயர்க்குமாம். அந்தம்மா வழக்கம்போலச் சொல்லிற்று. போன் ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் ஒப்பித்தது. அவனை வெளியே எடு. நான் அவனை உயிரோடு புதைத்தேன்.

சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"தோட்டம்னு சொன்னீங்க."

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனேன்.

"ரோஜான்னு சொன்னீங்க, பிலோ. எங்கம்மா ரோஜா வளர்த்தாங்கன்னு மூணு நாள் சந்தோஷமா தூங்கினேன் நான். அவங்க யாரைக் கொன்னாங்க?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. தெரியாம எதுக்குச் சொல்லணும்னுதான்..."

"அதை முடிவு பண்ண நீங்க யாரு? ஐம்பது வருஷமா எங்கம்மா எனக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க. இப்ப நீங்களா?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகச் சொல்லவில்லை. நாளைக்கு வேறு யார் வருவார்கள்? அது அவளுக்கும் தெரியும். ஆனால் கிளம்பும்போது இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அது உறைத்தது.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

கோயிலிலிருந்து ஒரு பெண்மணி சாம்பல் கொண்டுவந்தார், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் பூசுகிறார்கள். நான் பூசிக்கொண்டேன். கொன்சுவேலோ அம்மாவின் நெற்றியில் விரல் பட்டு, நீ மண் என்பதை மறக்காதே என்று அவர் ஸ்பானிஷில் சொன்னதுதான் தாமதம், அந்தம்மா கையைத் தட்டிவிட்டது. "மண்ணு வேண்டாம்! இன்னும் எம்புட்டு மண்ணப் போடுவீய?" பாவம், அந்தப் பெண்மணி அரண்டுபோய் இறங்கிப் போனார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வாரமாக நான் கேட்காத கேள்வியை இன்று கேட்டேன். எங்கே புதைத்தீர்கள்?

"பள்ளிக்கூடத்துல. கொடிக்கம்பத்துக்குக் கீழ."

பிறகு தானாகவே வந்தது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"நான் நாலாங்கிளாசு. டீச்சரு ஒரு சுருட்டுப் பெட்டி கொண்டாந்தாவ. நீங்க வீட்டுல பேசுத பாசை இன்னைக்குச் செத்துப்போச்சு, அதுக்கு அடக்கம் எடுக்கோம்னாவ. ஆளுக்கொரு துண்டுத் தாளு. நீங்க அடிக்கடி சொல்லுத ஒரு வார்த்தய எழுதி உள்ள போடுங்கன்னாவ. ஒருத்தி தண்ணின்னு எழுதுனா. ஒருத்தன் அம்மான்னு எழுதுனான். எந் தம்பி அப்பத்தான் ஒண்ணாங்கிளாசு. பள்ளிக்கூடத்துல அவன் பேர ஜெஸ்ஸின்னு மாத்திட்டாவ, என்னய கோனின்னு மாத்துன மாதிரி. அப்பம் சூயிங்கது ஸ்பானிஷுதானட்டி? நான் ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லுத வார்த்த அதுதான். சூயின்னு எழுதிப் போட்டேன். வரிசையாப் போனோம். ஒருத்தன் தகர டப்பாவத் தட்டிக்கிட்டே முன்னால நடந்தான். குழிக்குள்ள வச்சி மூடுனோம். டீச்சரு என்னயக் கட்டிப் புடிச்சாவ.

"வீட்டுக்கு வந்து அவங்கிட்டச் சொன்னேன். சூயின்னு யாரும் இல்ல, பொதச்சாச்சுன்னு. ஜெஸ்ஸின்னு கூப்புட்டா அவன் திரும்ப மாட்டான். எம் முன்னால வந்து நிப்பான். 'அக்கா, நாந்தான், சூயி'ம்பான். நான் பாக்க மாட்டேன். அந்தப் பாசைய இனிப் பேச மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம்லா. ரெண்டு மாசம். கிறிஸ்மஸ் கழிஞ்சி காய்ச்சல் வந்துச்சி. கடசியிலயும் அதத்தான் கேட்டான். ஒரு தடவ கூப்பிடுக்கான்னான். நான் கூப்பிடல. அவன மண்ணுல எறக்குனப்ப பாத்தேன், அதே மாதிரிப் பெட்டி. கொஞ்சம் பெருசு."

நெற்றியில் பாதி சாம்பலோடு தூங்கிப்போனது. நான் எழுந்து பாத்திரம் கழுவினேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

எனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜெரோன் நன்றாக இருக்கிறான். நல்ல மார்க் வாங்குகிறான்.

பிப்ரவரி 23, வியாழன்

டெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஜெஸ்ஸி மாமா" என்றாள். "சின்ன வயசுல போயிட்டார்னு ஒரு போட்டோ இருக்கு. ஜெஸ்ஸின்னுதான் அம்மா எனக்குச் சொன்னாங்க. சூயின்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்ல."

அப்புறம், "இதாவது உண்மையா?" என்றாள்.

உண்மை என்றேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச அவர்களுக்குள் ஒரு பாஷை இல்லை.

பிப்ரவரி 25, சனி

விடுமுறைதான், ஆனாலும் போனேன். அந்தம்மாவுக்கு இரண்டு நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. நான் தரையில் தட்டினாலும் காது கொடுக்கவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து நேரே அங்கே போனேன். டெனிஸ் கட்டிலருகில் இருந்தாள். பதினோரு மணி இருக்கும், அந்தம்மா கண்ணைத் திறந்து அவளையே பார்த்தது. இத்தனை நாள் கிடந்த முகத்தில் ஒரு தெளிவு.

"சூயி?" என்றது.

டெனிஸ் என்னைப் பார்த்தாள். அவளே திரும்பி, அவளுக்குத் தெரிந்த நாலைந்து ஸ்பானிஷ் வார்த்தைகளில் ஒன்றால் ஆமாம் என்றாள். அவசரமாகப் போனை எடுத்து, பதிவுப் பொத்தானை அழுத்திப் போர்வை மேல் வைத்தாள்.

அந்தம்மா பேசத் தொடங்கிற்று. பத்து நிமிஷம் இருக்கும். நிறுத்தி நிறுத்தி, டெனிஸின் கன்னத்தில் இடது கையை வைத்துக்கொண்டு. முதல் இரண்டு வாக்கியம் கேட்டதுமே நான் டெனிஸின் தோளைத் தொட்டேன். "டெனிஸ், இவங்க சொல்றது..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பாமலேயே கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள். "வேணாம், பிலோ. அம்மா அவன்கிட்ட பேசறாங்க. அது அவனோடது. எனக்கில்ல."



மார்ச் 2, வியாழன்

அதிகாலையில் பக்கவாதத்தின் இரண்டாவது தாக்குதல். நான் எட்டு மணிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜன்னல் பக்கத்து விரிப்பை டெனிஸ் சுருட்டி வைத்திருந்தாள். சுரண்டின இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 7, செவ்வாய்

அடக்கம். கல்லில் 'கொன்சுவேலோ' என்றே வெட்டச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"கடைசியா பத்து நிமிஷம் நான் அவனா இருந்தேன். அம்மாவுக்கு அது கிடைச்சுது. சந்தோஷம்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா என்கிட்ட கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லாமலேயே போயிட்டாங்க இல்ல?"

"அப்படி இல்ல, டெனிஸ். அந்தப் பதிவுல உங்களுக்கும்..."

"சொல்லாதீங்க."

"கேளுங்கம்மா, ஒரே ஒரு..."

"பிலோ, உங்க மேல கோபம் இல்ல. எங்கம்மாவை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க. ஆனா எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நீங்க ரோஜா நட்டவங்க. இப்ப நீங்க என்ன சொன்னாலும் அது அம்மா சொன்னதா, நீங்க எனக்காகச் சொல்றதான்னு எனக்குத் தெரியாது. போன்ல இருக்கிற அந்தப் பொண்ணு குரல்லயும் கேட்க எனக்கு இஷ்டமில்ல. வகுப்புல சேர்ந்திருக்கேன். செவ்வாய், வியாழன். நானே கத்துக்கிட்டு நானே கேட்கிறேன். எவ்வளவு நாளானாலும்."

நான் ஏஜென்சிக் காரில் ஏறி அழுதேன். இந்த நாட்டில் என் பதினாலு வருஷ சர்வீஸில் ஒரு நோயாளிக்காகவும் அப்படி அழுததில்லை. அந்த ரோஜாவை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருந்தால்.

மார்ச் 12, ஞாயிறு

ஜெரோனைத் தமிழில் சாப்பிடக் கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து என்ன என்று இங்கிலீஷில் கேட்டான். திரும்பவும் தமிழில் கூப்பிட்டேன். பதில் இல்லை. வெகு நேரம் கழித்து வந்து, ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இரண்டு வாரமாக அந்தப் பத்து நிமிஷத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அவளுக்கு ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு ஆகலாம். அதற்குள் எனக்கு மறந்துவிடக் கூடாது. ரோஜா இல்லை, ஒரு இதழ்கூட நான் சேர்க்கவில்லை. கொன்சுவேலோ அம்மா டெனிஸின் கன்னத்தில் கை வைத்துச் சொன்னது இது:

"எனக்குத் தெரியும்ட்டி, நீ சூயி இல்ல. எம் மவ. சூயிக்கு மூக்கு இப்படி இருக்காது. அவனுக்காவ நீ ஆமான்னு சொன்ன பாத்தியா, அது போதும், அவன் வெளிய வந்துட்டான். ஒங்கிட்டத்தான் எனக்குச் சொல்லணும். எங்க பாசையில நான் ஆசையாக் கூப்புட்ட பிள்ளய மண்ணு வாங்கிக்கிட்டு. நீ பொறந்தப்ப ஒன்னயும் அதுல கூப்பிடத்தான் வாய் வந்துச்சி. கூப்புட்டா மண்ணு ஒன்னயும் கேக்கும்னு பயந்தேன். அதான் இங்கிலீசுலயே வச்சி வளத்தேன், யாரோ பெத்த பிள்ளய மாதிரி. அங்கன ஒன்ன யாரும் தொட மாட்டாவ. ஆனா ஒனக்கு நான் ஒரு பேரு வச்சேன். ஒரு நாளும் வாய விட்டுச் சொன்னதில்ல, ஒங்கப்பாவுக்கும் தெரியாது. கிட்ட வா. பலோமா. ஒம் பேரு பலோமா. மெதுவாத்தான் சொல்லுவேன், மண்ணுக்குக் கேட்டுரும்."